பதிவேட்டின் வழியே ஒரு குடும்பம்: அமெரிக்கக் கிராமப்புறங்களின் 4-எச் மன்றங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமப்புறங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் 4-எச் மன்றங்கள் சிறுவர் சிறுமியருக்கான அமைப்பாகவே பொதுவாக அறியப்படுகின்றன. ஆனால் அவை தோன்றிய காலத்து நோக்கத்தையும் இன்று நடைபெறும் முறையையும் சேர்த்துப் பார்க்கும்போது, குழந்தையை முன்னிறுத்திக் குடும்பம் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடாகவே அவற்றைக் கொள்ள வேண்டியிருக்கிறது. பெயரில் உள்ள எழுத்து ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தாகும். தலை, நெஞ்சு, கைகள், உடல்நலம் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். குளோவர் என்னும் தீவனச் செடியின் இலையே மன்றத்தின் சின்னம். அச்செடியில் இயல்பாக மூன்று சிற்றிலைகளே இருக்கும் என்பதற்கேற்பத் தொடக்கச் சின்னமும் மூன்று எழுத்துகளையே கொண்டிருந்தது. பின்னர்ச் சேர்ந்த நான்காவது எழுத்து முதலில் சுறுசுறுப்பைக் குறிக்கும் 'ஹஸில்' என்ற சொல்லுக்காக நின்று, 1911 அளவில் உடல்நலத்துக்கு உரியதாயிற்று.

இம்மன்றங்களின் அடிப்படை அலகு கவுன்டி. மாநிலத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட இந்த நிருவாகப் பிரிவைத் தமிழக மாவட்டத்தோடு ஒப்பிடத் தோன்றினாலும், அந்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ளன என்பதையும், கிராமப்புறக் கவுன்டிகள் பலவற்றின் மக்கள்தொகை தமிழக ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் மக்கள்தொகையைவிடக் குறைவு என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஏறத்தாழ எல்லாக் கவுன்டிகளிலும் 4-எச் பணி நடைபெறுகிறது. 8 முதல் 18 வயது வரையிலானவர்கள் உறுப்பினராகலாம். 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குப் போட்டிகள் இல்லாத தனிப்பிரிவு ஒன்று பல மாநிலங்களில் உண்டு. நாடு முழுவதும் சுமார் 60 லட்சம் இளையோர் பங்கேற்பதாக அமைப்பு கூறிவருகிறது. அந்த எண்ணிக்கையில் பள்ளி வகுப்புகளிலும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய குறுகிய பயிற்சிகளிலும் கலந்துகொள்வோர் பெரும்பகுதியினர் என்பதால், ஆண்டு முழுவதும் இயங்கும் மன்றத்தில் சேர்ந்து ஒரு பணியை ஏற்று முடிப்போரின் தொகை அதனினும் மிகக் குறைவாகும். இக்கட்டுரை பின்னவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் பற்றியது.

மன்றம் ஏன் தோன்றியது என்ற கேள்விக்கு விடை குழந்தைகளிடம் இல்லை. அவர்களுடைய தந்தையரிடம் இருக்கிறது. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் கூட்டரசின் நிலம் வழங்கப்பட்டு, அதை விற்ற தொகையைக் கொண்டு வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் நிறுவப்பட்டன. நிலக்கொடைக் கல்லூரிகள் என்று அழைக்கப்படும் அவற்றோடு, 1887-இன் ஹேட்ச் சட்டம் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்த்தது. அந்த நிலம் பெரும்பாலும் செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் விரிவாக நிறுவியுள்ளன. கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வந்த பின்னரும் அங்கே கண்டறியப்பட்ட விதைத் தேர்வும் மண் பரிசோதனையும் உழவரின் வயலுக்குப் போய்ச் சேரவில்லை. கல்லூரிக்காரர்கள் சொல்வதைப் 'புத்தக உழவு' என்று கூறி உழவர்கள் ஒதுக்கினார்கள்; ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தமிழ்நாட்டு உழவர் சொல்லியிருக்கக்கூடிய அதே மனநிலை அங்கும் இருந்தது. அந்த அவநம்பிக்கையை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஓராண்டு மகசூல் பொய்த்தால் நிலத்தையே இழக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள், இழப்பைத் தாங்கள் ஏற்க, சம்பளக்காரர்கள் சொல்லும் புதுமையைச் சோதித்துப் பார்க்கத் தயங்கியதில் நியாயம் இருந்தது.

இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி பல இடங்களில் தனித்தனியாகவும் ஏறத்தாழ ஒரே காலத்திலும் கண்டுபிடிக்கப்பட்டதால், முதல் மன்றம் என்ற பெயருக்குப் பல ஊர்கள் உரிமை கோருகின்றன. இல்லினாய் மாநிலத்தின் மக்கூப்பின் கவுன்டியில் உழவர் கூட்டங்களுக்கு ஆள் சேராமல் சலித்துப்போன வில் ஆட்வெல், 1890-களின் இறுதியில் தரமான மக்காச்சோள விதையைச் சிறுவர்களுக்கு அனுப்பி, விளைந்த கதிர்களுக்குப் பரிசு அறிவித்தார். மகன் விளைவித்த கதிரைப் பார்க்கத் தந்தையர் வந்தனர். அயோவா மாநிலத்தின் பேஜ் கவுன்டியில் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்னும் ஆசிரியை கிராமப் பள்ளியிலேயே சிறுவர்களுக்கு மக்காச்சோள மன்றத்தையும் சிறுமியருக்கு இல்லப்பணி மன்றத்தையும் தொடங்கினார். பெரும்பாலான வரலாறுகள் தொடக்கமாகக் கொள்வது ஒகையோ மாநிலத்தின் கிளார்க் கவுன்டியை. ஸ்பிரிங்ஃபீல்ட் வட்டாரக் கிராமப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம், 1902 ஜனவரி 15 அன்று சிறுவர் சிறுமியர் சுமார் 85 பேரைக் கவுன்டி அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டினார். லிட்மஸ் தாளைக் கொண்டு மண்ணின் புளிப்புத் தன்மையை அறிவது, தேர்ந்த மக்காச்சோள விதையைத் தனிப்பாத்தியில் விதைத்து வீட்டு விதையோடு ஒப்பிடுவது, காய்கறியும் பூச்செடியும் வளர்ப்பது ஆகியவை அம்மன்றத்தின் பணிகளாயின. விதையும் வழிகாட்டுதலும் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் வந்தன. 1905-இல் அப்பல்கலைக்கழகமே கிரஹாமை விரிவாக்கப் பணிக்குத் தலைவராக அமர்த்திக்கொண்டது. பல்கலைக்கழக அறிவை அதன் மதிலுக்கு வெளியே இருக்கும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணியே விரிவாக்கம் எனப்படுகிறது.

தென் மாநிலங்களில் நெருக்கடி கடுமையாக இருந்தது. மெக்ஸிகோ வழியாக நுழைந்த பருத்திக் கூன்வண்டு டெக்சஸிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவி, பருத்தி ஒன்றையே நம்பியிருந்த உழவரின் வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்தது. 1903-இல் அம்மாநிலத்தின் டெரல் என்னும் ஊரில் கூட்டரசு வேளாண்துறையைச் சேர்ந்த சீமன் நேப் ஒரு செயல்விளக்கத் திடலை அமைத்தபோது, அரசுப் பண்ணையில் அதை நடத்தாமல், உள்ளூர் உழவர் ஒருவரின் நிலத்தில், அவர் கையாலேயே, இழப்பு நேர்ந்தால் ஊர் வணிகர்கள் ஈடுசெய்வதாக உறுதி பெற்று நடத்தினார். கேட்டதையும் கண்டதையும் உழவர் ஐயுறக்கூடும், தாமே செய்து பார்த்ததை ஐயுற மாட்டார் என்பது நேப்பின் கொள்கை. அக்கொள்கையைச் சிறுவர்களுக்கு நீட்டித்தவர்களுள் ஒருவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் கவுன்டியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த டபிள்யூ. எச். ஸ்மித். அவர் 1907-இல் தொடங்கிய மக்காச்சோள மன்றத்தோடு கூட்டரசின் வேளாண்துறை கைகோத்தது. சிறுவன் ஒருவனுக்கு ஓர் ஏக்கர், அவனே உழைக்க வேண்டும், செலவையும் விளைச்சலையும் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. 1910-இல் தென் கரோலினாவின் ஜெர்ரி மூர் என்னும் சிறுவன் ஓர் ஏக்கரில் 228 முக்கால் புஷல் மக்காச்சோளம் அறுத்தான். இன்றைய அளவில் அது சுமார் 5.8 டன். சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களின் விளைச்சல் அதில் ஒரு சிறு பங்கே. அந்தப் பையனின் வயலைப் பார்த்த உழவருக்குப் புத்தக உழவைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இருந்திருக்காது.

சிறுமியரின் மன்றங்கள் இதே காலத்தில் வேறொரு வாயிலைத் திறந்தன. தென் கரோலினாவின் எய்க்கன் கவுன்டியில் மரி குரோமர் என்னும் ஆசிரியை, சிறுமியர் ஒவ்வொருவரும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட்டு, அதைக் கொதிநீரில் பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்கும் மன்றத்தை 1910-இல் தொடங்கினார்; அந்தத் துண்டு நிலத்திலிருந்து 500-க்கும் மேற்பட்ட டப்பாக்களை நிரப்பிய சிறுமியும் அதில் இருந்தாள். நிலமும் விளைச்சலும் வருமானமும் தந்தையின் பெயரிலேயே இருந்த ஒரு வீட்டில், மகளின் பெயரில் ஒரு துண்டு நிலமும் அவள் கையில் விற்பனைப் பணமும் வந்தது சிறிய மாற்றமன்று. தாய்மார்களை எட்டிய வழியும் இதுவே. மகளுக்குப் பதப்படுத்தும் முறையைக் கற்பிக்க வந்த இல்லச் செயல்விளக்க அலுவலர் என்ற பெண் பணியாளரை அடுப்படி வரை அனுமதித்த குடும்பங்கள், நாளடைவில் குழந்தை வளர்ப்பு, குடிநீர், ஈக்களைத் தடுக்கும் சன்னல் வலை ஆகியவற்றைப் பற்றியும் அவரிடம் கேட்கத் தொடங்கின.

இவ்வாறு ஆங்காங்கே முளைத்தவை நிலைத்து நின்றதற்குக் காரணம் 1914 மே 8 அன்று உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-லீவர் சட்டம். இளையோர் பணி பற்றிய பெரும்பாலான எழுத்துகள் குழந்தைகளின் முகமலர்ச்சியைப் பற்றியே பேசி இந்தச் சட்டத்தைக் கடந்துபோய்விடுகின்றன; உண்மையில் அமைப்பின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது. கூட்டரசு ஒரு பங்கைத் தரும். மாநிலம் அதற்கு ஈடான பங்கைப் போட வேண்டும். கவுன்டியும் தன் வரிப்பணத்திலிருந்து அலுவலகத்துக்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்கும். மூவரும் சேர்ந்து நடத்துவதால் இதற்குக் கூட்டுறவு விரிவாக்கப் பணி என்று பெயர். கவுன்டி விரிவாக்க அலுவலர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். ஆனால் அவருடைய மேசை கவுன்டித் தலைநகரில் இருக்கும், அவரை ஊரார் பெயர் சொல்லி அறிவர். அயோவா மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு கவுன்டியிலும் விரிவாக்கப் பணியை மேற்பார்வையிட 9 பேர் கொண்ட குழுவை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்து வெளியேறினாலும் அலுவலகமும் கண்காட்சித் திடலும் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கும் நிலைத்தன்மையை இந்த மூன்றடுக்கு நிதியே தந்தது. அரசொன்று மாறியதும் பெயரும் மாறி, நிதியும் வற்றிப்போகும் திட்டங்களிலிருந்து 4-எச் வேறுபடுவது இதனால்தான்.

இந்த அமைப்போடு தமிழகத்துக்கு நேரான உறவு ஒன்று உண்டு. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைக்கும் நிலக்கொடைப் பல்கலைக்கழக முன்மாதிரியை ஒட்டியே, 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையுடன் பந்த்நகரிலும், பின்னர் 1971-இல் கோயம்புத்தூரிலும் வேளாண் பல்கலைக்கழகங்கள் உருவாயின. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் திறக்கப்பட்டபோது, செய்து கற்றல் என்ற கொள்கையே அதற்கும் அடித்தளமாயிற்று. சமூக வளர்ச்சித் திட்டக் காலத்தில் இளைஞர் மன்றங்களும் தொடங்கப்பட்டன. ஆனால் பத்து வயதுக் குழந்தையின் பெயரில் ஒரு கோழிக்கூண்டும் ஒரு கணக்கும் இருக்க வேண்டும் என்ற பகுதி மட்டும் கடலைக் கடந்து வந்து வேரூன்றவில்லை. பாடத்திட்டத்தின் முன்மாதிரியைக் கொண்டுவந்தவர்கள் இந்தப் பகுதியையும் அதே அக்கறையோடு கொண்டுவந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இன்றைய மன்றம் ஒன்றின் நடைமுறை எளிமையானது. பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு மன்றம். மாதம் ஒருமுறை தேவாலயக் கூடத்திலோ பள்ளியிலோ கண்காட்சித் திடலின் கட்டடத்திலோ கூடும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளைக் குழந்தைகளே தேர்தல் வழி ஏற்று, முன்மொழிதல், வழிமொழிதல், வாக்கெடுப்பு என்று முறைப்படி கூட்டத்தை நடத்துவார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒன்றோ பலவோ பணிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆடு, மாடு, பன்றி, முயல், கோழி மட்டுமின்றித் தையல், சமையல், மரவேலை, ஒளிப்படம், தேனீ வளர்ப்பு, ராக்கெட், ரோபோ என்று பட்டியல் நீளும். பெரியவர்களில் தலைவராக இருப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பின்னணி விசாரணை முடிந்த பிறகே அவர்கள் பொறுப்பேற்கலாம். அவர்களில் மிகப் பலர் உறுப்பினர்களின் பெற்றோரே. மூத்த மகளைச் சேர்க்க வந்த தாய் தையல் கற்பிக்கத் தொடங்கி, கடைக்குட்டி பள்ளி முடித்த பிறகும் தொடர்வது இம்மன்றங்களில் வழக்கமான வாழ்க்கைப் பாதை. தாத்தா கட்டிய பட்டியில் பேரனின் ஆட்டுக்குட்டி நிற்பதும், மூன்று தலைமுறை ஒரே மன்றத்தில் உறுப்பினராக இருந்திருப்பதும் அரிதல்ல.

மன்றத்தின் உள்ளியல்பை அறிய விரும்புவோர் கூட்டத்தையோ கண்காட்சியையோ பார்ப்பதைவிட, உறுப்பினரின் பதிவேட்டைப் புரட்டுவது நல்லது. கன்றை என்று, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினான், தீவனம் எவ்வளவு, அதன் விலை என்ன, எடை மாதந்தோறும் எப்படிக் கூடியது, எந்த நாளில் எந்த மருந்து கொடுக்கப்பட்டது, மருந்துக்குப் பின் இறைச்சிக்கு அனுப்பக் காத்திருக்க வேண்டிய நாட்கள் எத்தனை, விற்றபோது கிடைத்தது எவ்வளவு, எஞ்சியது லாபமா நட்டமா என்பவை அனைத்தும் குழந்தையின் கையெழுத்தில் அங்கே இருக்கும். பன்றி ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ மூன்று கிலோ தீவனம் தின்கிறது என்பதைப் பாடநூலில் படிக்கும் மாணவனும், தானே சுமந்து கொட்டிய மூட்டைகளை எண்ணி அந்த விகிதத்தைக் கண்டடையும் மாணவனும் ஒரே செய்தியை அறிந்தவர்களல்லர். நட்டம் வந்த ஆண்டின் பதிவேட்டுக்கும் மதிப்பெண் உண்டு. கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, ஏன் நட்டம் என்பதை எழுதியிருக்கிறானா என்பதையே நடுவர் பார்க்கிறார். இறந்துபோன குட்டியும் பூச்சி தின்ற பயிரும் மறைக்கப்படாமல் எழுதப்படும் ஓர் ஏடு, தோல்வியை மறைக்கப் பழக்கும் கல்விமுறைகளுக்கு நடுவே அரிய பொருளாகும்.

குடும்பம் உள்ளே வரும் இடமும் இந்தப் பதிவேடுதான். தீவன விலையும் வங்கிக் கடனும் பெற்றோருக்குள் தாழ்ந்த குரலில் பேசப்படும் விஷயங்களாக இருந்த வீட்டில், பன்னிரண்டு வயது மகள் தன் செலவுப் பக்கத்தை நிரப்புவதற்காகச் சாப்பாட்டு மேசையில் மூட்டை விலையைக் கேட்கும்போது, குடும்பத்தின் பொருளாதாரம் அவளுக்கும் உரியதாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் உள்ளூர் வங்கிகள் மன்றச் சிறுவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே கடன் கொடுத்துக் கன்று வாங்க உதவின என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. திருப்பிச் செலுத்தும் பொறுப்புள்ளவன் என்று பையனை ஊர் நம்பியது. அதே நேரத்தில் உதவும் கைக்கும் தானே செய்துவிடும் கைக்கும் இடையிலான கோடு மெல்லியது. பரிசு நாடும் தந்தை மகனின் காளையைத் தானே பழக்குவதும், தாய் பதிவேட்டைத் திருத்தி எழுதித் தருவதும் எல்லாக் கவுன்டிகளிலும் கேட்கப்படும் குறை. விலங்கு குறிப்பிட்ட நாளுக்குள் குழந்தையின் உடைமையாகிவிட வேண்டும் என்றும், நடுவரின் கேள்விகளுக்குக் குழந்தையே விடை சொல்ல வேண்டும் என்றும் விதிகள் இருப்பது இதற்காகத்தான்.

ஆண்டின் உச்சம் கோடையில் நடைபெறும் கவுன்டிக் கண்காட்சி. பல மாநிலங்களில் இங்கே டேனிஷ் முறை என்னும் மதிப்பீடு பின்பற்றப்படுகிறது: ஒருவரையொருவர் முந்துவதை வைத்து மட்டும் பரிசளிக்காமல், வகுக்கப்பட்ட தரத்தை எட்டியவர் எல்லாருக்கும் நீலம், அதற்கடுத்த தரத்துக்குச் சிவப்பு, பின்னர் வெள்ளை என்று ரிப்பன் வழங்கப்படும். விலங்கின் தரத்துக்கு ஒரு போட்டியும், குழந்தை அதை நடத்திக் காட்டும் திறனுக்குத் தனியாக இன்னொரு போட்டியும் உண்டு. விலை குறைந்த கன்றைக் கொண்டுவந்த பிள்ளையும் வெல்லக்கூடிய இடம் இரண்டாவது போட்டி. இறுதியில் ஏலம். உள்ளூர் வங்கியும் தீவனக் கடையும் இயந்திர வணிகரும் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்குவது மரபு. அந்தப் பணம் பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்காகச் சேமிக்கப்படுகிறது. வாங்கியவருக்குக் குழந்தை தன் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

ஏலம் முடிந்த அன்றே விலங்கு இறைச்சிக்கூடத்து வண்டியில் ஏற்றப்படுகிறது. பல மாதங்கள் பெயரிட்டு அழைத்து, குளிப்பாட்டி, கயிறு பிடித்து நடத்திய கன்றை அந்தக் குழந்தை அழுதுகொண்டே விட்டுவிட்டு வருவது ஒவ்வோர் ஆண்டும் காணப்படும் காட்சி. கோல்டர் எல்லிஸ், லெஸ்லி இர்வின் ஆகிய சமூகவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்ச்சிப் பயிற்சி என்று விளக்கியது. வளர்ப்புப் பிராணியையும் விற்பனை விலங்கையும் வேறுபடுத்துவது, நல்ல வாழ்க்கை கொடுத்தோம் என்று ஆறுதல் கொள்வது, ஆண்டுக்காண்டு துயரத்தைக் கட்டுப்படுத்தப் பழகுவது ஆகியவற்றைக் குழந்தைகள் பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொள்கின்றனர் என்றும், விலங்குகள்மீது மனித ஆதிக்கம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் விதம் இது என்றும் அவர்கள் வாதிட்டனர். இவ்வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆயினும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காணாமலே உண்டு வளரும் பெரும்பான்மைக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், அதன் விலையை நெஞ்சில் உணர்ந்த சிலரேனும் ஒரு நாட்டில் இருப்பது நல்லது என்ற மறுவாதத்துக்கும் வலு உண்டு. கண்ணீரை அடக்கச் சொல்லாமல் குழந்தையோடு உடன் நிற்கும் குடும்பமா, இதெல்லாம் வியாபாரம் என்று அதட்டும் குடும்பமா என்பதைப் பொறுத்தே அந்த நாள் அக்குழந்தைக்கு என்னவாகிறது என்பது அமையும்.

இம்மன்றங்களால் உண்மையில் பயன் உண்டா என்பதை அளக்க முயன்றவற்றுள் பெரியது, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லெர்னர் தலைமையில் 2002-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு. 42 மாநிலங்களைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அவ்வாய்வு, திறன், தன்னம்பிக்கை, உறவுப் பிணைப்பு, நற்பண்பு, பரிவு ஆகிய ஐந்தும் வளரும்போது சமூகத்துக்குப் பங்களிக்கும் மனப்பாங்கு ஆறாவதாக விளைகிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தது. 4-எச் உறுப்பினர்கள் சமூகப் பணிகளில் பிறரைவிடக் கூடுதலாக ஈடுபடுவதாகவும் கண்டது. இளைஞரைத் தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாகப் பார்க்காமல் வளர்க்கத்தக்க வளமாகப் பார்த்தது இவ்வாய்வின் சிறப்பு. அதன் எல்லையும் சொல்லப்பட வேண்டும். உறுப்பினர்கள் குலுக்கல் முறையில் மன்றத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களல்லர். தாமாகவோ பெற்றோர் விருப்பத்தாலோ சேர்ந்தவர்கள். மாலை நேரத்தில் பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல ஓய்வும் வண்டியும் மனமும் உள்ள குடும்பத்தில் வளர்ந்ததன் பயன் எது, மன்றத்தின் பயன் எது என்று முற்றாகப் பிரித்தறிவது புள்ளியியல் திருத்தங்களுக்குப் பிறகும் கடினம். குடும்பமே இத்திட்டத்தின் உள்ளீடாகவும் விளைவாகவும் இருப்பதால் எழும் சிக்கல் இது.

குடும்பத்தின்மீது கட்டப்பட்ட ஏற்பாடு எந்தக் குடும்பங்களை ஏற்றது என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை கசப்பானது. 1906-இல் டஸ்கீகி கல்லூரியின் நடமாடும் வேளாண் வண்டியோடு அலபாமாவின் கறுப்பின உழவர்களிடம் சென்ற தாமஸ் மன்ரோ கேம்பெல், கூட்டரசு அமர்த்திய முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். ஆகவே இப்பணியின் தொடக்க வரலாற்றில் கறுப்பின மக்களுக்கு உரிய இடம் உண்டு. ஆயினும் 1914 சட்டம் நிதியை எந்தக் கல்லூரிக்கு அளிப்பது என்ற முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டதால், தெற்கில் அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே போயிற்று. 1890-இன் இரண்டாம் மோரில் சட்டத்தால் அமைந்த கறுப்பினக் கல்லூரிகள் விரிவாக்கத்துக்கென நிலையான கூட்டரசு நிதியைப் பெற 1977-இன் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனி மன்றங்கள், தனி முகாம்கள், குறைந்த நிதி, ஒரே அலுவலருக்கு மிகுந்த பணிச்சுமை என்பதே நடைமுறை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 1965-இல் வெளியிட்ட அறிக்கை, விரிவாக்கப் பணியிலும் இளையோர் மன்றங்களிலும் நிலவிய இனப் பாகுபாட்டை ஆவணப்படுத்தியது. அதன்பின் வந்த இணைப்பும் நேர்மையாக நடைபெறவில்லை. தம் சமூகத்தில் தலைமை தாங்கிய கறுப்பின அலுவலர்கள் வெள்ளை அலுவலர்களுக்குத் துணையாளர்களாகத் தாழ்த்தப்பட்டனர், அவர்கள் கட்டியெழுப்பிய மன்றங்கள் பல மறைந்தன. கேப்ரியல் ரோஸன்பர்க் 2015-இல் எழுதிய வரலாற்று நூல், அரசு விரும்பிய குறிப்பிட்ட வகைக் கிராமக் குடும்பத்தை, அதாவது கடன் வாங்கி நவீனப்படுத்தும் தந்தையும் இல்லம் பேணும் தாயும் கொண்ட குடும்பத்தை, உருவாக்கும் கருவியாகவும் இம்மன்றங்கள் செயல்பட்டன என்று காட்டுகிறது. பட்டியும் வயலும் மகனுக்கு, தையலும் சமையலும் மகளுக்கு என்ற பிரிவு பல பத்தாண்டுகள் நீடித்ததற்கு விளக்கம் அந்நூலில் கிடைக்கிறது.

மன்றங்கள் எந்த வாழ்வுக்காகத் தோன்றினவோ அந்த வாழ்வே சுருங்கிவிட்டது. 1935-இல் 68 லட்சமாக இருந்த அமெரிக்கப் பண்ணைகளின் எண்ணிக்கை 2022-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம். பண்ணையாளரின் சராசரி வயது 58. நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் நோக்கி அமைப்பு திரும்பியதும், கணினியும் ரோபோவும் பணிகளாகச் சேர்ந்ததும் இதன் இயல்பான விளைவு. பல மாநிலங்களில் சிக்கனத்தின் பெயரால் ஒரே அலுவலர் பல கவுன்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்திருக்கிறது. ஊரார் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் என்ற இடம் காலியாகும்போது, அச்சடித்த பாடத்திட்டமும் இணையவழிப் பயிற்சியும் அதை நிரப்புவதில்லை. தன்னார்வலர்களைத் தேடிப்பிடித்து, மனம் சோர்ந்தபோது தாங்கி, குடும்பங்களுக்கிடையே சண்டை மூண்டால் தீர்த்துவைக்கும் வேலையைச் செய்ய ஓர் ஆள் அதே ஊரில் இருந்தாக வேண்டும். கண்காட்சி விலங்குகளின் விலை ஏறிக்கொண்டே போவதும், வசதியுள்ளோர் தேர்ந்த இனக் கன்றுகளையும் கூலிக்குப் பழக்குநர்களையும் கொண்டு வெல்வதும், பதிவேட்டின் நோக்கத்தையே குலைக்கின்றன.

இன்றைய அமெரிக்கக் கிராமப்புறத்தில் பயிர்ப் பண்ணைகளில் கூலிக்குச் செய்யப்படும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வோர் மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு நிலமில்லை, அறுவடைக்குத் தக்கவாறு ஊர் மாறுவோரும் அவர்களில் உண்டு, மாலைக் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட நேரமில்லை. ஸ்பானிய மொழியில் கூட்டம் நடத்துவது, மன்றத்துக்குச் சொந்தமான பட்டியில் விலங்கை வைத்து வளர்க்க இடம் தருவது, கன்று வாங்கக் கடன் கொடுப்பது என்று சில இடங்களில் முயற்சிகள் நடைபெறுகின்றன. தேவைக்கு முன் அவை சிறியவை. ஏ. பி. கிரஹாம் அந்த அடித்தளத்து அறையில் கூட்டியவர்கள் கல்லூரியின் கதவு ஒருபோதும் திறந்திராத வீடுகளின் பிள்ளைகள். ஒரு கவுன்டியில் 4-எச் தன் பணியைச் செய்கிறதா என்பதை உறுப்பினர் தொகையையும் ஏலத் தொகையையும் கொண்டு முடிவுசெய்ய இயலாது; தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளியின் மகள் பெயரில் அங்கே ஒரு பதிவேடு திறக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும், பல கவுன்டிகளில் இன்னும் திறக்கப்படவில்லை.